கதவைத் திறந்தா காலடியில கார்: அமெரிக்க ரோட்டோர மோட்டல்கள் எங்க போச்சு?

நண்பரோட பையன் அரிசோனாவுல படிக்க வந்திருக்கான். போன வாரம் கேட்டான்: "அங்கிள், இந்த ஊர்க்காரங்க பழைய மோட்டல் போட்டோவைப் பார்த்தா அப்படி உருகுறாங்களே, அதுல என்னதான் இருக்கு? அவ்ளோ பிடிக்கும்னா ஏன் எல்லாத்தையும் மூட விட்டாங்க?" போன்ல ரெண்டு நிமிஷத்துல சொல்ற விஷயம் இல்ல, எழுதித் தர்றேன்டான்னு சொன்னேன். அதான் இது.

முதல்ல வார்த்தையைச் சரி பண்ணிக்கலாம். நம்மூர்ல மோட்டல்னா ராத்திரி ஒரு மணிக்கு பஸ் போயி நிக்கிற இடம். கண்டக்டர் "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ சாப்பிடறவங்க சாப்பிடலாம்"னு பஸ்சைத் தட்டிட்டுப் போவாரு, ஸ்பீக்கர் அலறும், தூக்கக் கலக்கத்துல இறங்கி ஒரு டீ குடிப்போம். அங்க யாரும் தங்கறதில்ல. அமெரிக்காவுல மோட்டல்ங்கறது தூங்கற இடம். மோட்டாரும் ஹோட்டலும் சேர்ந்த வார்த்தை. 1925 டிசம்பர்ல கலிபோர்னியாவுல சான் லூயிஸ் ஒபிஸ்போங்கற ஊர்ல ஆர்தர் ஹைன்மன்னு ஒரு கட்டடக்கலைஞர் 'மைல்ஸ்டோன் மோ-டெல்'னு ஒண்ணு கட்டினாரு, வாடகை ராத்திரிக்கு ஒண்ணேகால் டாலர். லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் கிட்டத்தட்ட நடுவுல இருக்கற ஊர் அது. அன்னிக்கு அந்தத் தூரத்தை ஒரே நாள்ல கார்ல ஓட்ட முடியாது, நடுவுல எங்கயாவது படுத்துத்தான் ஆகணும். மோட்டல் பிறந்ததுக்கு அதுதான் காரணம்.

அதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்கன்னா, ரோட்டோரத்துல கூடாரம் போட்டுப் படுத்தாங்க. டவுன் ஹோட்டலுக்குப் போனா காரை எங்கயோ விடணும், நாள் பூரா ஓட்டி வந்த புழுதியோட கோட்டு சூட்டு போட்டவங்க நடுவுல லாபியில நடக்கணும், பெட்டி தூக்கறவருக்கு டிப்ஸ் குடுக்கணும். இதைப் பார்த்த ரோட்டோர விவசாயிங்களும் பெட்ரோல் பங்க்காரங்களும் சின்னச் சின்னதா மரக் குடில் கட்டி வாடகைக்கு விட ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷம் நாலு குடில், கையில காசு வந்தா அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு. 1930கள்ல ஊரே பஞ்சத்துல கெடந்தப்பவும் இந்தத் தொழில் வளர்ந்துச்சு, ஏன்னா போடற முதல் கம்மி, வேலை செய்யறது புருஷனும் பொண்டாட்டியும். அப்புறம் குடில்களையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ சேர்த்து, எல் மாதிரியோ ப மாதிரியோ வளைச்சு, நடுவுல முற்றம் விட்டு, ரோட்டைப் பார்த்த மாதிரி ஆபீஸ் வெச்சு கட்ட ஆரம்பிச்சாங்க. நாம இன்னிக்கு மோட்டல்னு சொல்ற உருவம் அப்ப வந்ததுதான்.

இதுல முக்கியமான சங்கதி கதவு. ரூம் கதவு நேரா வெளிய திறக்கும், திறந்தா காலடியில உன் கார். நடுவுல லாபி இல்ல, லிப்ட் இல்ல, நீ எப்ப வர்றே எப்ப போறேன்னு பார்க்க ஆள் இல்ல. அந்தச் சுதந்திரம் மக்களுக்கு ரொம்ப பிடிச்சுது. அதே சுதந்திரத்துனால கெட்ட பேரும் வந்துச்சு, 1940லயே எப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் இதெல்லாம் குற்றவாளிங்க கூடாரம்னு ஒரு பத்திரிகையில எழுதினாரு.

உலகப்போர் முடிஞ்சதும் ஆளாளுக்கு கார், கையில காசு, வருஷத்துக்கு ஒரு லீவு. சிகாகோவுல கிளம்பி சான்டா மோனிகா கடற்கரை வரைக்கும் 2,448 மைல் போற ரூட் 66 மாதிரி ரோடுகள்ல வரிசையா மோட்டல் முளைச்சுது. எல்லாரும் ஒரே மாதிரி ரூமைத்தான் விக்கறாங்க, அப்ப ஓட்டிட்டு வர்றவன் உன் வாசல்ல பிரேக் போடணும்னா என்ன பண்ணுவே? அங்கதான் நியான் விளக்கு வந்துச்சு. நீலக் குருவி, டைவ் அடிக்கற பொண்ணு, அம்பு, நட்சத்திரம், கள்ளிச்செடின்னு கண்ணாடிக் குழாயில வளைச்சு வளைச்சு போர்டு பண்ணாங்க. குளுகுளு ஏசி, கலர் டிவி, நீச்சல்குளம்னு அவங்கவங்க கிட்ட இருக்கறதை எழுதி மாட்டினாங்க. சில இடத்துல கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி இருக்கும், 25 சென்ட் காசு போட்டா 15 நிமிஷம் மெத்தை அதிரும், நாள் பூரா ஓட்டின முதுகுக்கு சொகம்னு விளம்பரம். ஃபிராங்க் ரெட்ஃபோர்டுன்னு ஒருத்தர் செவ்விந்தியக் கூடாரம் மாதிரி கான்கிரீட்ல கூம்பு கூம்பா ரூம் கட்டினாரு, விக்வாம் மோட்டல்னு பேரு. அந்த மாதிரி ஏழு இடத்துல வந்து இன்னிக்கு மிச்சம் மூணு, கென்டக்கியில ஒண்ணு, அரிசோனா ஹோல்புரூக்ல ஒண்ணு, கலிபோர்னியா சான் பெர்னார்டினோவுல ஒண்ணு.

நான் ஒரு தடவை டெக்சாஸ்ல இருந்து மேற்கால ஓட்டிட்டுப் போறப்ப நியூ மெக்சிகோவுல டூகம்கேரிங்கற சின்ன ஊர்ல ப்ளூ ஸ்வாலோ மோட்டல்ல தங்கினேன். 1939ல கட்ட ஆரம்பிச்சது, ரூமை ஒட்டினாப்புலயே காருக்குத் தனித்தனி ஷெட், அந்தக் காலத்து காரே கொஞ்சம் இடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போயிருக்கும். சாயங்காலம் வாசல்ல இரும்பு நாற்காலி போட்டிருக்காங்க, சிப்பி மாதிரி முதுகு வெச்ச நாற்காலி. வெளிச்சம் கொறையறப்ப நியானைப் போட்டாங்க. முதல்ல ஒரு துடிப்பு, அணைஞ்சு, மறுபடி துடிச்சு, அப்புறம் நின்னு எரிஞ்சுது, கூடவே வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். சுவர் பூரா நீலமும் செவப்பும் வழியுது. நாற்காலியில இருந்தவங்க எல்லாம் முன்னப்பின்ன தெரியாதவங்க, ஆனா பேச்சு தானா ஓடுது, எங்க இருந்து வர்றீங்க, நாளைக்கு எதுவரைக்கும் ஓட்டுவீங்கன்னு. பெரிய ஹோட்டல் காரிடார்ல எதிர்க்க வர்றவர் முகத்தை நாம பார்க்கறதே இல்ல, இங்க ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்க மனசு வரல.

அந்த மோட்டலை 40 வருஷம் நடத்தினது லில்லியன் ரெட்மன்னு ஒரு அம்மா. 1958ல அவங்களைக் கட்டிக்கப் போறவர் நிச்சயதார்த்தப் பரிசா இந்த மோட்டலைத்தான் வாங்கிக் குடுத்தாரு. வர்ற ஒவ்வொருத்தருக்கும் வழிப்போக்கரை வாழ்த்தற மாதிரி ஒரு அச்சடிச்ச அட்டை குடுப்பாங்களாம். காசில்லாம வந்து நின்னவங்க கிட்ட ஏதாவது பொருளை வாங்கிக்கிட்டு இல்லன்னா சும்மாவே ரூம் குடுத்திருக்காங்க. 1998ல வித்துட்டு, அதே ஊர்லயே இருந்து அடுத்த வருஷம் இறந்து போனாங்க. நான் சொல்ல வர்றது இங்கதான் ஆரம்பிக்குது. மோட்டல்ங்கறது கட்டடத்தைவிட அதுக்குள்ள குடியிருந்த குடும்பம். ஆபீஸுக்குப் பின்னாடி ஒரு கதவு, அதைத் தாண்டினா அவங்க வீடு. ராத்திரி ரெண்டு மணிக்கு பெல் அடிச்சாலும் வீட்டுக்காரம்மாவோ வீட்டுக்காரரோதான் எழுந்து வருவாங்க. காலையில நீ படுத்த பெட்ஷீட்டைத் துவைக்கறதும் அவங்கதான். ரோடு மாறினப்பவும் சட்டம் மாறினப்பவும் அடிபட்டது இந்தக் குடும்பங்கதான்.

ரோடு மாறின கதை இது. 1956ல ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்ட சட்டத்துனால நாடு முழுக்க 41,000 மைலுக்கு இன்டர்ஸ்டேட்னு சொல்ற அகலமான நெடுஞ்சாலை போட ஆரம்பிச்சாங்க. பழைய ரோடு ஊருக்கு நடுவுல போகும், சிக்னல் விழும், வேகம் கொறையும், நியானைப் பார்ப்பே, பசி தெரியும், நிறுத்துவே. புது ரோடு ஊரை விட்டு ஒதுங்கிப் போகும், 70 மைல் வேகம், எக்ஸிட்னு சொல்ற பிரிவு வழி எடுத்தாத்தான் இறங்க முடியும். மோட்டல் இருந்த எடத்துலயேதான் இருக்கு, ஆனா முன்னாடி ஓடின ஆறு மட்டும் ரெண்டு மைல் தள்ளிப் போயிருச்சு. எக்ஸிட் பக்கத்துல நிலம் யானை விலை, குடும்ப மோட்டல்காரங்களால வாங்க முடியல, அங்க வந்து உக்கார்ந்தது ஒரே பேர்ல ஊரூரா கிளை வெச்ச செயின் ஹோட்டல். 1965ல ரோட்டோர விளம்பரப் பலகைக்கு கட்டுப்பாடு போட்டு ஒரு சட்டமும் வந்துச்சு, அழகான நோக்கம்தான், ஆனா தள்ளி இருந்தவங்க "நாங்க இங்க இருக்கோம்"னு கூப்பிடறதுக்கு வெச்சிருந்த வழியும் சுருங்கிருச்சு. ரூட் 66ல புது ரோடு கடைசியா ஒதுக்கிட்டுப் போன ஊர் அரிசோனாவுல வில்லியம்ஸ், 1984 அக்டோபர். அடுத்த வருஷம் ரூட் 66ங்கற நம்பரையே அதிகாரபூர்வமா எடுத்துட்டாங்க. டூகம்கேரிக்கு வர்ற வழி நெடுக "இன்னைக்கு ராத்திரி டூகம்கேரி, 2000 மோட்டல் ரூம்"னு பலகை வெச்சிருந்தாங்க, நடுவுல ஒரு காலத்துல அந்த எண்ணை 1200ன்னு மாத்தி எழுத வேண்டியதாப் போச்சு.

செயின்காரங்களை வில்லன்னு நான் சொல்லமாட்டேன். ஹாலிடே இன் ஆரம்பிச்ச கெம்மன்ஸ் வில்சன் 1951ல பொண்டாட்டி, அஞ்சு புள்ளைங்களோட மெம்ஃபிஸ்ல இருந்து வாஷிங்டனுக்கு ஓட்டிட்டுப் போயிருக்காரு. தங்கின எடத்துல எல்லாம் புள்ளைக்கு ரெண்டு டாலர் தனியா வாங்கியிருக்காங்க, சில இடம் அழுக்கு, சில இடத்துல ஏமாத்து. திரும்பி வந்து அடுத்த வருஷமே மெம்ஃபிஸ்ல முதல் ஹாலிடே இன் திறந்தாரு, புள்ளைங்களுக்குத் தனிக் காசு கிடையாது, எந்த ஊருக்குப் போனாலும் அதே ரூம், அதே சோப்பு. 1965லயே கம்ப்யூட்டர்ல ரிசர்வேஷன் கொண்டு வந்துட்டாங்க. 1962ல மோட்டல் 6 வந்துச்சு, ராத்திரிக்கு ஆறு டாலர், பேரே அதுல இருந்து வந்ததுதான். நாலு ரூம் நாலு விதமா இருக்குமோன்னு பயந்த குடும்பத்துக்கு இது நிம்மதி. பழசுல நல்லதும் இருந்துச்சு, மோசமும் இருந்துச்சு, ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

மோசம்னா பெட்ஷீட் மட்டும் இல்ல. அந்த அழகான நியான் 'ரூம் இருக்கு'ன்னு எரிஞ்சது பெரும்பாலும் வெள்ளைக்காரங்களுக்குத்தான். கருப்பினக் குடும்பம் கார்ல கிளம்பினா சோறு கட்டிக்கிட்டு, போர்வை எடுத்துக்கிட்டு, எந்த ஊர்ல எந்த வீட்டுக் கதவு திறக்கும்னு கையில ஒரு புத்தகம் வெச்சுக்கிட்டுப் போகணும். தபால்காரரா இருந்த விக்டர் கிரீன் நியூயார்க்ல 1936ல இருந்து அச்சடிச்ச கிரீன் புக் அது. மெம்ஃபிஸ்ல வால்டர் பெய்லி, லோரி பெய்லின்னு கருப்பினத் தம்பதி நடத்தின லொரெய்ன் மோட்டல் பேரும் அதுல இருந்துச்சு. 1968 ஏப்ரல் 4, அந்த மோட்டலோட 306ம் நம்பர் ரூம் பால்கனியிலதான் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டாங்க. லோரியம்மாவுக்கு அன்னிக்கே மூளையில ரத்தம் கசிஞ்சு, கிங்கை அடக்கம் பண்ண அன்னிக்கு அவங்களும் போய்ட்டாங்க. அந்த மோட்டல் 1991ல இருந்து மியூசியம், போர்டு அப்படியே நிக்குது. இனம் பார்த்து ஒதுக்கக் கூடாதுன்னு 1964ல வந்த சிவில் உரிமைச் சட்டம் செல்லுமான்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன வழக்கும் ஒரு மோட்டல் வழக்குதான், 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா'ன்னு 216 ரூம் மோட்டல், கருப்பினத்தவங்களுக்கு ரூம் தரமாட்டேன்னு முதலாளி அடம் பிடிச்சாரு. 1964 டிசம்பர்ல ஒம்பது ஜட்ஜும் ஒரே குரல்ல சட்டம் செல்லும்னுட்டாங்க. அதனால யாராவது "அந்தக் காலம் எவ்ளோ நல்ல காலம்"னு மூச்சு விட்டா, யாருக்குன்னு கேட்டுக்கறது நல்லது.

இன்னொரு விடுபட்ட கதை நம்ம நாட்டு ஆளுங்க கதை, எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கம். 1973ல எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோலுக்கு க்யூ நின்னப்ப கார்ல ஊர் சுத்தறது கொறைஞ்சுது, ஏற்கனவே ரோடு மாறி அடி வாங்கின மோட்டல்காரங்க வந்த விலைக்கு வித்துட்டுக் கிளம்பினாங்க. வாங்கினது யாரு? சூரத், நவ்சாரி பக்கத்துல இருந்து வந்த குஜராத்திங்க, உகாண்டாவுல சர்வாதிகாரி இடி அமீன் 1972ல இந்திய வம்சாவளிக்காரங்களை விரட்டினதுல வந்தவங்களும் அதுல உண்டு. இதுக்கு விதை முன்னாடியே போட்டிருந்தது, 1940கள்லயே கான்ஜிபாய் தேசாய்னு ஒருத்தர் கலிபோர்னியாவுல ஹோட்டல் எடுத்து நடத்தி, பின்னாடி வந்தவங்களை எல்லாம் "படேலா இருந்தா ஒரு ஹோட்டலைக் குத்தகைக்கு எடு"ன்னு தூண்டி விட்டாரு. சொந்தக்காரங்க கிட்ட வாய் வார்த்தையில கைமாத்து, பேப்பர் கிடையாது. மோட்டல்லயே குடியிருந்தா வீட்டு வாடகை மிச்சம். மாமியார் துணி மடிப்பாங்க, மருமக ரூம் பெருக்குவா, புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து கவுன்டர்ல உக்காரும். சுத்தி இருந்தவங்க சில பேர் "இது அமெரிக்கர் நடத்தறது"ன்னு போர்டு மாட்டி இவங்க கிட்ட வர்ற கூட்டத்தைத் திருப்பினாங்க. அதையும் தாங்கி நின்னாங்க. 1989ல சொந்தமா சங்கம் வெச்சாங்க, இன்னிக்கு அதுல கிட்டத்தட்ட 20,000 பேர், நாட்டுல இருக்கற ஹோட்டல்கள்ல ஏறக்குறைய 60 சதவீதம் அவங்க கையில.

ஓக்லஹோமாவுல ஒரு தடவை மழைக்கு ஒதுங்கி அந்த மாதிரி ஒரு மோட்டல்ல தங்கினேன், 20 ரூம் இருக்கும். ஆபீஸ் கதவைத் திறந்ததும் கடுகும் பெருங்காயமும் தாளிச்ச வாசனை, கண்ணை மூடிக்கிட்டா நம்ம வீட்டு அடுப்படி. கவுன்டர்ல இருந்த குஜராத்தியம்மா எந்த ஊருன்னு கேட்டாங்க, தமிழ்நாடுன்னேன், மெட்ராஸான்னாங்க. சாவி குடுத்தாங்க, தடியான பிளாஸ்டிக் பட்டையில கோத்த சாவி, பட்டைக்குப் பின்னாடி "மறந்து எடுத்துட்டுப் போயிட்டா ஏதாவது தபால் பெட்டியில போடுங்க, தபால் செலவு எங்களோடது"ன்னு பாதி அழிஞ்ச எழுத்து. இப்பவும் அப்படி அனுப்பறாங்களான்னு கேட்டேன், பழைய முதலாளி காலத்துப் பட்டை, நாங்க மாத்தவே இல்லன்னாங்க. கால் மணி கழிச்சு கதவைத் தட்டி ஒரு டம்ளர் மசாலா டீ. காலையில பேசிட்டு இருந்தப்ப சொன்னாங்க, "நானும் அவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போயி 22 வருஷம் ஆச்சு. ஒருத்தர் போனா ஒருத்தர் கவுன்டர்ல இருக்கணும்ல." பொண்ணு டாக்டராம், பையன் எக்ஸிட்ல 80 ரூம் வெச்சு புது ஹோட்டல் கட்டிட்டு இருக்கானாம். அப்ப இந்த எடம்னு கேட்டேன். ரோட்டைப் பார்த்தாங்க, பதில் சொல்லல.

இப்ப உன் ரெண்டாவது கேள்வி, ஏன் மூட விட்டாங்கன்னு. அந்தம்மா மாதிரி வாழ அடுத்த தலைமுறைக்கு விருப்பம் இல்ல, இருக்கவும் வேண்டாம்னு பெத்தவங்களே நினைக்கறாங்க, அதுல குறை சொல்ல என்ன இருக்கு. கூடவே பெரிய பிராண்டுங்க வெளிய திறக்கற கதவு பாதுகாப்பு இல்லன்னு ஒதுக்க ஆரம்பிச்சுட்டாங்க, உள்ள காரிடார் இருக்கற கட்டடம்தான் வேணும்ங்கறாங்க. பழைய கட்டடத்துக்கு கூரை, பைப், வயரிங்னு செலவு கொட்டணும். ஒரு நல்ல நியான் போர்டைச் சீர் பண்ற கைவேலைக்காரர் கிடைக்கறதே கஷ்டம், கிடைச்சா கூலி ஆயிரக்கணக்குல போகும். அந்தக் காசுக்கு 45 டாலர் ரூமை எத்தனை ராத்திரி விக்கணும்னு கணக்குப் போட்டுப் பாரு. நிலத்துக்கு விலை ஏறின எடத்துல கதை இன்னும் சீக்கிரம் முடிஞ்சுது. நியூ ஜெர்சியில வைல்ட்வுட்னு கடற்கரை ஊர்ல 50கள், 60கள்ல கட்டின வளைவு நெளிவான மோட்டல்கள் நூத்துக்கணக்குல இருந்துச்சு, வாசல்ல பிளாஸ்டிக் தென்னமரம்கூட நட்டிருப்பாங்க. 2000க்கு அப்புறம் அபார்ட்மென்ட் மோகத்துல வரிசையா இடிச்சாங்க. செயின்ட் லூயிஸ்ல கோரல் கோர்ட்னு தேன் நிறத்துல பளபளக்கற செங்கலும் கண்ணாடிக் கல்லும் வெச்சுக் கட்டின மோட்டல், 1995ல தரைமட்டம். ஒரு சின்னப் பகுதியை மட்டும் கல் கல்லாப் பெயர்த்து மியூசியத்துல திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க. ஒரு கல்லறையைப் பார்க்கற மாதிரிதான் இருக்கும்.

இன்னொண்ணு. மூடாம மிச்சம் இருக்கற நிறைய மோட்டல்ல இன்னிக்கு தங்கறது டூரிஸ்ட் இல்ல, வீட்டு அட்வான்ஸ் கட்ட முடியாம வாரக் கணக்குல வாடகை குடுத்து குடும்பத்தோட இருக்கறவங்க. ஒரே ரூம்ல நாலு பேர், மைக்ரோவேவ்ல சமையல், ஸ்கூல் பஸ் வந்து மோட்டல் வாசல்ல நிக்கும். 2020ல கொரோனா சமயத்துல கலிபோர்னியா அரசு பணம் குடுத்து, உள்ளூர் அமைப்புகள் மோட்டல்களை விலைக்கு வாங்கி வீடில்லாதவங்களைக் குடியமர்த்த ஒரு திட்டமே கொண்டு வந்துச்சு. ஒரு மோட்டலை இடிக்கறப்ப நியானுக்காக அழறவங்க, அந்த ரூம்ல இருந்த குடும்பம் அடுத்த ராத்திரி எங்க படுக்கும்னும் கேக்கணும்னு எனக்குத் தோணும்.

காப்பாத்தினவங்களும் இருக்காங்க. சான் பெர்னார்டினோ விக்வாம் பாழாகிக் கெடந்தப்ப 2003ல வாங்கி மறுபடி உயிர் குடுத்தது ஒரு படேல் குடும்பம்தான். மிசௌரியில கார்த்தேஜ் ஊர்ல பூட்ஸ் மோட்டலை இடிச்சுட்டு மருந்துக்கடை கட்டறதா இருந்தாங்க, அதைத் தடுத்து 1940கள்ல இருந்த மாதிரியே சீர் பண்ணி ரூம்ல ரேடியோ வெச்சிருக்காங்க. லாஸ் வேகஸ்ல லா கான்சா மோட்டலோட சிப்பி வடிவ லாபியை, கருப்பினக் கட்டடக்கலைஞர் பால் வில்லியம்ஸ் வரைஞ்சது, துண்டு துண்டா அறுத்து லாரியில ஏத்திக் கொண்டுபோயி நியான் மியூசியத்துக்கு வாசலா வெச்சாங்க. அப்புறம் அந்த ஆறு டாலர் மோட்டல் 6 இருக்கே, 2024ல அதை 52 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கினது நம்ம நாட்டு ஹோட்டல் கம்பெனி ஓயோ.

ரூட் 66க்கு 100 வயசு நிறையற நாள் 2026 நவம்பர் 11. நீ அரிசோனாவுலதானே இருக்கே, ஹோல்புரூக் விக்வாம் ஒரு பகல் ஓட்டத்துல போயிரலாம், அங்கிருந்து கிழக்கால அரை நாள் ஓட்டினா டூகம்கேரி. குளிர்காலத்துல சில இடம் மூடியிருக்கும், ஆப்ல தேடாம நேரா போன் போட்டுக் கேளு, எடுக்கறவங்க அநேகமா ஓனராத்தான் இருப்பாங்க. இருட்டறதுக்கு அரை மணி முன்னாடி போய்ச் சேர்ந்துரு, இல்லன்னா நியான் எரிய ஆரம்பிக்கற அந்த முதல் துடிப்பைப் பார்க்க முடியாது. வழியில ஓக்லஹோமா பக்கம் போற வேலை வந்தா சொல்லு, அந்தம்மா மோட்டல் எந்தத் திருப்பத்துல இருக்குன்னு அனுப்பறேன், இன்னும் திறந்திருக்கான்னு பார்த்துச் சொல்லு.